சாதனப் பண்புகளின் அனுமதிக் குறிகள்: மொழிபெயர்ப்பு நோக்கில்

கணிப்பொறியோடு இணைந்த திரை, வட்டு முதலியவற்றை இயக்கும் நிரல் சாதன இயக்கி எனப்படும். லினக்ஸ் இயங்குதளத்தில் இவ்வியக்கிகள் தத்தம் சாதனத்தின் பண்புகளைச் சிறு கோப்புகளாக வெளிக்காட்டுகின்றன. 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6 பதிப்பில் இடம்பெற்ற சிஸ்எஃப்எஸ் என்னும் கோப்பமைப்பே இதற்குக் களம். மடிக்கணினித் திரையின் ஒளியளவு ஒரு கோப்பு. அது எட்டக்கூடிய உச்ச அளவு மற்றொரு கோப்பு. முன்னதைப் படிக்கலாம், எழுதியும் மாற்றலாம். பின்னதைப் படிக்க மட்டுமே செய்யலாம்.

இவ்வேறுபாட்டை அனுமதிக் குறி சுட்டுகிறது. படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2 என மதிப்பிட்டு, உடையவர், குழுவினர், பிறர் என்னும் மூவர்க்கும் முறையே ஓரிலக்கம் தரப்படும். ஒளியளவின் குறி 0644: உடையவர் படிக்கவும் எழுதவும் செய்யலாம், ஏனையோர் படிக்கலாம். உச்ச அளவின் குறி 0444. இவற்றுக்கு மாற்றாக எஸ்_ஐஆர்யூஜிஓ போன்ற எழுத்துக் குறுக்கங்களும் வழக்கில் இருந்தன. அவற்றினும் எண்ணே எளிதில் விளங்கும் என்று 2016இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வலியுறுத்தினார். சொல்லின் குறுக்கம் எண்ணைவிட இருண்மை கொண்டதாகக் கருதப்பட்ட இந்நிகழ்வு கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் கருதத்தக்கது.

எழுத அனுமதி பெற்றமையாலேயே எழுத இயலும் என்பதில்லை. பண்பைப் படிப்பவர்க்கு விடை தர ‘ஷோ’ என்னும் செயற்கூற்றையும், எழுதப்படுவதை ஏற்க ‘ஸ்டோர்’ என்னும் செயற்கூற்றையும் இயக்கி வழங்கவேண்டும். குறி எழுத இடந்தந்து, ஏற்கும் செயற்கூறு இல்லையெனில், உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை என்னும் செய்தி எழும். செயற்கூறு இருந்தும் குறி இடந்தரவில்லையெனில், அனுமதி மறுக்கப்பட்டது என்னும் செய்தி எழும். பொதுவான கோப்புகளில் எத்தடையும் இல்லாத முதன்மைப் பயனரும் சிஸ்எஃப்எஸ்ஸில் எவர்க்கும் எழுத்துரிமை தராத கோப்பை எழுதத் திறக்க முற்பட்டால் இம்மறுப்பையே பெறுவார். பிறர் அனைவர்க்கும் எழுத்துரிமை வழங்கும் 0666 போன்ற குறியையோ, 2014 முதல், நிரலைத் தொகுக்கும்போதே கெர்னல் தடுத்துவிடுகிறது.

தமிழில் ‘எழுதலாம்’ என்னும் வினை இசைவையும் வாய்ப்பையும் ஒருங்கே உணர்த்தும். ஆதலின் இத்துறை நூல்களைப் பெயர்ப்போர் குறியைப் பற்றிப் பேசுமிடத்து ‘எழுத அனுமதி உண்டு’ என்றும், செயற்கூற்றைப் பற்றிப் பேசுமிடத்து ‘எழுத இயலும்’ என்றும் பிரித்தாளுதல் நன்று. இரண்டையும் ‘-லாம்’ ஈற்றால் முடித்தால், மேற்கூறிய இரு பிழைச்செய்திகளுக்கும் காரணம் ஒன்றே எனப் படிப்பவர் மயங்க நேரும். பிழை இயக்கியில் இருக்க, அவர் அனுமதிக் குறியைத் திருத்திக்கொண்டிருப்பார்.

‘ஸ்டோர்’ என்பதைச் ‘சேமிப்பு’ எனல் மற்றோர் இடர். அங்கு எதுவும் சேமிக்கப்படவேண்டும் என்னும் கட்டாயமில்லை. ‘பைண்ட்’ என்னும் கோப்பு இதற்குத் தக்க சான்று. அதன் குறி 0200. உடையவர் எழுதலாம், படிக்க எவர்க்கும் அனுமதியில்லை. அதில் ஒரு சாதனத்தின் பெயரை எழுதினால், அச்சாதனத்தை ஏற்று இயக்குமாறு இயக்கிக்கு ஆணை செல்கிறது. எழுதிய பெயர் கோப்பில் தங்குவதில்லை. கோப்பின் மரபு கருதி ‘எழுது’ என்னும் சொல்லை இங்கும் விலக்க இயலாதாயினும், பொருளால் அஃது ஏவலே. செயற்கூற்றுக்கு ‘ஏற்பு’ என்னும் பெயர் இவ்விரு நிலைக்கும் பொருந்திவரும்.