சிவப்புத் துடுப்பும் மஞ்சள் துடுப்பும்

மேல்மலையனூர்ப் பக்கம் ஏரி வற்றுகையில் வலையில் விழும் பொடிக் கெண்டையை யாரும் நிறம் பார்த்துப் பிரிப்பதில்லை. மொத்தமாகக் குழம்புக்குப் போய்விடும். அதன் சிற்றுறவு ஒன்று இலங்கையின் ஈரவலய ஓடைகளில் இருக்கிறது. 1868இல் குந்தர் அதைக் 'கமிங்கி' என்று பெயரிட்டு விவரித்தார். களனி ஆற்றுப் பக்கம் அதற்குத் துடுப்பு சிவப்பு. களுகங்கையிலும் அதற்குத் தெற்கேயும் மஞ்சள். 2008இல் சிவப்பைத் தனி இனமாக்கி 'ரேவல்' என்றார்கள். 2021இல் மரபணுவைப் பார்த்துவிட்டு, இரண்டும் ஒன்றுதான்னு அந்தப் பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். முதல் கட்டுரையை எழுதியவர்களில் சிலர் இரண்டாவதிலும் இருக்கிறார்கள். மதிக்க வேண்டிய காரியம்.

நிறம் வேறாக இருப்பது ஒன்று. அந்நிறங்களைத் தாங்கியவை வேறு இரை, வேறு ஆழம், வேறு துணை என்று வாழ்வில் விலகிப்போவது இன்னொன்று. இலங்கையில் ஆளுக்கொரு ஆறு என்பதால், ஒன்றையொன்று தேர்கிறதா ஒதுக்குகிறதா என்ற கேள்விக்கே இடமில்லை. அதற்கு இரு நிறமும் ஒரே நீரில் இருக்க வேண்டும்.

ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் அப்படி இருக்கின்றன. பாறைக் கரையோரம் நீல ஆண்மீன், சற்று ஆழத்தில் சிவப்பு ஆண்மீன். (சிவப்புக்குத் தான்சானியத் தலைவர் ஜூலியஸ் நைரேரேயின் பெயர்.) நீலம் தரையிலுள்ள பூச்சிப்புழுவைத் தின்கிறது, சிவப்பு மிதவை உயிரிகளை. அந்த ஏரி நீரில் கீழே போகப்போக நீல ஒளி மடிந்து செவ்வொளி மிஞ்சுகிறது. ஆழத்துப் பெண்மீனின் கண், மரபணு அளவிலேயே, சிவப்புக்குப் பழகியது; அவள் கண்ணில் படுபவன் சிவப்பன்தான். இப்படி ஒளி, கண், இரை, துணை எல்லாம் ஒரே முடிச்சில்.

முடிச்சு அவிழவும் செய்கிறது. 1997இல் சீஹவுசனும் உடனிருந்தவர்களும் எழுதினார்கள்: காடழிந்த மண்ணும் கழிவும் சேர்ந்து நீர் கலங்கிய இடங்களில் நிறங்கள் மங்கி, இரண்டும் கலந்துவிட்டிருந்தன. வலையும் வேண்டாம், விஷமும் வேண்டாம். வெளிச்சத்தை எடுத்தால் போதும்.

நிறம், பிரிவு என்றதும் நம்மாட்கள் மனிதருக்குத் தாவுவார்கள். பிறப்புப் பிரிவு இயற்கைன்னு சொல்ல ஒருத்தன் எப்போதும் காத்திருக்கிறான். அவனுக்கு இந்த மீன் உதவாது. இங்கே பிரிவு நீர் தெளிந்திருக்கும்வரைதான்.

இலங்கைக்குத் திரும்பினால், பெயர் போனதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று இருக்கிறது. அழியும் உயிர்களின் பட்டியல்கள் பெரும்பாலும் இனப்பெயரை வைத்தே போடப்படுகின்றன. களனிப் பக்கத்து ஓடைகள் சாக்கடையாகிச் சிவப்புத் துடுப்பு அற்றுப்போனாலும், தெற்கே மஞ்சள் நீந்தும்வரை பட்டியலில் 'கமிங்கி' உயிரோடுதான் இருக்கும்.