சிறுநீரகத்தை அடகு வைத்து ஒரு கிலோ

எம்.எம்.ஏ. என்ற கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டியின் கூண்டுக்குள் முதல் தடவை இறங்கப்போகும் பையனிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். குத்து, உதை, பிடி, ஆளைக் கீழே சாய்க்கிற வித்தை எல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு பேச்சு எடைக்கு வந்து அங்கேயே நின்றுவிடும். இருப்பது 70 கிலோ. பெயர் கொடுத்திருப்பதோ 65.8 கிலோ பிரிவில். மிச்ச நாலு கிலோவுக்கு என்ன வழி என்று கேட்டால், “அது கடைசி இரண்டு நாள்ல தண்ணியிலேயே போயிரும் அண்ணே” என்பான்.

இந்தக் கணக்கைப் பெரும்பாலும் கைபேசிதான் கற்றுக்கொடுத்திருக்கிறது. தொழில்முறை வீரர்கள் கொதிக்கும் குளியல் தொட்டியில் கிடந்து வியர்ப்பதையும், மறுநாள் பொலிவாகக் கூண்டுக்குள் நடந்து வருவதையும் அவன் பார்த்திருக்கிறான். இரண்டு காட்சிக்கும் நடுவே ஒரு முழு நாள் இருக்கிறது. தொழில்முறைப் போட்டிகளில் வழக்கமாக முதல் நாளே எடை பார்த்துவிடுவார்கள். இழந்த நீரையும் உப்பையும் திரும்ப ஏற்ற அவர்களுக்கு ஏறக்குறைய 24 மணி நேரமாவது கிடைக்கும். ஆனால் 2012இல் தொடங்கப்பட்ட சர்வதேச எம்.எம்.ஏ. சம்மேளனத்தின் அமெச்சூர் போட்டிகளில் எடை பார்ப்பது சண்டை நடக்கும் அன்று காலையில். தொடர் போட்டி என்றால் ஒவ்வொரு நாள் காலையிலும் தராசில் ஏற வேண்டும். தொழில்முறைக்காரர் செய்வதே ஆபத்தான வித்தை. அமெச்சூர் பையன் அதன் ஆபத்துப் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறான். தேறிக்கொள்ளும் பாதி அவனுக்கு இல்லை.

தினமும் தராசு என்றால் என்ன என்பதை 2024 ஆகஸ்டில் உலகமே பார்த்தது. பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோ பிரிவு மல்யுத்தத்தில் இந்தியாவின் வினேஷ் போகாட் ஒரே நாளில் மூன்று பேரை வென்று இறுதிப் போட்டிக்குப் போனார். சண்டைகளுக்கு நடுவே சாப்பிட்டதும் குடித்ததும் சேர்ந்து, அன்றிரவு எடை எல்லைக்கு மேல் 2 கிலோவைத் தாண்டியிருந்தது. இரவு முழுக்க ஓட்டம், வெந்நீராவி அறை, கடைசியில் தலைமுடியைக்கூட வெட்டினார்கள். மறுநாள் ஆகஸ்ட் 7ஆம் திகதி காலை தராசு 100 கிராம் கூடுதல் காட்டியது. தகுதி நீக்கம். உலகத் தரம் வாய்ந்த மருத்துவக் குழு ஒன்று பக்கத்தில் இருந்தும் நடந்தது இது.

அந்த நாலு கிலோ எங்கிருந்து போகிறது? கொழுப்பிலிருந்து அல்ல, இரண்டு நாளில் கொழுப்பு அவ்வளவு கரையாது. ஒரு பங்கு குடலில் கிடக்கும் உணவும் நாரும். இன்னொரு பங்கு தசையில் சேமித்த கிளைக்கோஜன். வளர்ந்த ஆள் ஒருவரின் தசைகளில் 400 முதல் 500 கிராம் வரை இருக்கும். ஒவ்வொரு கிராமும் கிட்டத்தட்ட 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாச்சத்தை நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து இறங்கும். ஆனால் சண்டையில் எரிபொருளே அந்தக் கிளைக்கோஜன்தான். மிச்சமெல்லாம் வியர்வை. வியர்வையில் போகும் நீரின் ஒரு பகுதி இரத்தத்தின் நீர்ப் பகுதியிலிருந்து வருவது. அது குறைந்தால் இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தமும் குறையும். ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கும். உடல் எடையில் 2 சதவீதம் நீர் போனாலே தாக்குப்பிடிக்கும் திறன் சரியத் தொடங்குகிறது. 70 கிலோ ஆளுக்கு அது வெறும் 1.4 லீட்டர்.

இங்கே நம் மாத்தளை மாவட்டத்தின் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். மாவட்டத்தின் ஒரு முனையில் ரத்தோட்டைக்கு மேலே ரிவர்ஸ்டன் பக்கம் சட்டைக்குள் குளிர் புகும். ஏ9 வீதியில் வடக்கே நாவுல தாண்டித் தம்புள்ளைக்கு இறங்கினால் உலர் வலயத்து வெயில். ஏறத்தாழ 360 மீட்டர் உயரத்தில் இருக்கும் மாத்தளை நகரம் இரண்டுக்கும் நடுவில். ஒரே பயிற்சி அட்டவணை மூன்று இடத்திலும் மூன்று விதமாக உடம்பை வாட்டும். வியர்வை உடம்பைக் குளிர்விப்பது வழிவதால் அல்ல, ஆவியாவதால். ஒரு லீட்டர் வியர்வை ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். அதே லீட்டர் தரையில் சொட்டினால் அநேகமாக ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு மதிய வெயிலில் ஓடுகிறவரைக் கவனியுங்கள். ஓடி முடித்துக் கையைத் தொங்கவிட்டதும் கைமுனையின் ரப்பர் பட்டிக்குள் தேங்கிய வியர்வை கொடகொடவென்று கொட்டும். அவர் அதைச் சாதனையாகப் பார்க்கிறார். அந்தத் தண்ணீர் வெப்பத்தை அநேகமாக எடுத்துப்போகவே இல்லை; உள்ளே உடம்பு இன்னும் கொதித்துக்கொண்டுதான் இருக்கிறது.

இப்படித்தான் ஆட்கள் செத்திருக்கிறார்கள். 1997 நவம்பர், டிசம்பர் மாதங்களில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள், வியர்வை வெளியேற முடியாத உடைகளோடு சூடான இடங்களில் பயிற்சி செய்து அடுத்தடுத்து இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் ரப்பர் உடையும் நீராவி அறையும் தடையாகின. எடை பார்ப்பதும் போட்டிக்குச் சற்று முன்பு நடக்கும்படி மாற்றப்பட்டது. 2015 டிசம்பரில் வன் சம்பியன்ஷிப் என்ற எம்.எம்.ஏ. நிறுவனத்தின் போட்டிக்கு எடை குறைத்த சீன வீரர் யாங் ஜியான் பிங் மணிலாவில் உயிரிழந்தார், வயது 21. அந்த நிறுவனம் உடனே நீர் வற்றவைத்து எடை குறைப்பதைத் தடைசெய்து, சிறுநீரின் அடர்த்தியைச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தது. 2017இல் தாய்லாந்தில் ஸ்கொட்லாந்துக்கார முவே தாய் வீரர் ஜோர்டான் கோ எடைக்காக வெயிலில் ஓடப்போய் இறந்தார். அவருக்கு வயது 20.

இதயமும் சூடும் ஒரு பக்கம். என் கவலை சிறுநீரகம். ஓய்வில் இருக்கும்போது இதயம் தள்ளும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் சிறுநீரகங்களுக்குப் போகிறது. நீர் வற்றினால் உடம்பு முதலில் சிக்கனம் பிடிக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. அதே நேரத்தில் கடும் பயிற்சியால் சிதைந்த தசை நார்களிலிருந்து மயோகுளோபின் என்ற புரதம் இரத்தத்தில் கலந்து, வடிகட்டும் நுண்குழாய்களை அடைக்கிறது. வலிக்கு டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் என்று எதையாவது போட்டால் கதை இன்னும் மோசம். நீர் குறைந்த வேளையில் சிறுநீரகத்துக்குள் போகும் இரத்தக் குழாயைத் திறந்து வைத்திருப்பது புரொஸ்டகிளாண்டின் என்ற பொருள். இந்த மாத்திரைகள் தடுப்பது அதன் உற்பத்தியைத்தான். வெயில், தாகம், தசைச் சிதைவு, மாத்திரை நான்கும் ஒரே வாரத்தில் கூடுவது சண்டைக்கு முந்தைய வாரத்தில்தான். சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனால் பயிற்றுவிப்பாளரிடம் யோசனை கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. நேரே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

மாத்தளைக்காரருக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. 1990களில் வட மத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த, நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ காரணமில்லாத நாட்பட்ட சிறுநீரக நோய், இந்த மாவட்டத்தின் வில்கமுவ பகுதியையும் விட்டுவைக்கவில்லை. நோயின் காரணம் இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது: கிணற்று நீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, விவசாய இரசாயனங்கள் என்று பல சந்தேகங்கள். மத்திய அமெரிக்காவில், எல் சல்வடோர், நிகரகுவாவின் கரும்புத் தோட்டங்களில், இதே சாயலில் ஒரு நோய் இளம் தொழிலாளர்களைத் தின்கிறது. அங்கே முதல் சந்தேகம் வெயிலில் திரும்பத் திரும்ப நீர் வற்றுவதன் மேல். தாகத்தில் சுரக்கும் வாசோபிரசின் சிறுநீரைச் செறிவாக்கி நீரைச் சேமிக்கிறது. சிறுநீரகத்தை நாளுக்கு நாள் அப்படியே உழைக்க வைத்தால் அதன் திசு சேதப்படுகிறது என்று விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன. எடை குறைத்தால் அந்த நோய் வரும் என்று சொல்ல ஆதாரமில்லை. ஆனால் பகலெல்லாம் வயலில் நின்ற தகப்பனின் பிள்ளை, அதே கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன், வேண்டுமென்றே தாகத்தில் கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

மருந்துக்கடையில் கிடைக்கும் நீர்ப்பெருக்கி மாத்திரை இன்னொரு குறுக்கு வழி. ஃபுரோசமைட் போன்றவை போட்டிக் காலத்திலும் வெளியிலும் ஊக்கமருந்துப் பட்டியலில் தடைசெய்யப்பட்டவை. தடைப்பட்டியல் விஷயத்தில் இலங்கைக் குத்துச்சண்டைக்குப் பழைய காயம் ஒன்று உண்டு. 1938 சிட்னிப் பேரரசு விளையாட்டுப் போட்டிகளில் பார்னி ஹென்றிகஸ் வென்ற தங்கத்துக்குப் பின், 72 ஆண்டுகள் கழித்து 2010 டெல்லி பொதுநலவாய விளையாட்டில் மஞ்சு வன்னியாரச்சி தங்கம் வென்றார். நான்ட்ரோலோன் சோதனையில் சிக்கிப் பதக்கம் பறிபோனது. அது எடை குறைக்கும் மருந்து அல்ல, வேறு வகை. என்றாலும் எந்த மாத்திரையையும் பெயர் பார்த்து விழுங்கும் பழக்கம் முதல் சண்டைக்கு முன்பே வர வேண்டும்.

சரி, தராசை விட்டுவிட்டு வந்தால் தயாராக வேண்டியது எது? அமெச்சூர் சண்டை மூன்று நிமிடம் வீதம் மூன்று சுற்று, நடுவே ஒரு நிமிட ஓய்வு. முழங்கை அடி கிடையாது, தலைக்கு முழங்கால் அடி கிடையாது. முழு மூச்சான ஒரு வெடிப்புக்குத் தசை பயன்படுத்தும் பொஸ்போகிரியேட்டின் கையிருப்பு ஏறக்குறைய 10 வினாடிக்குத்தான் வரும். அதில் பாதி திரும்பக் கூடச் சுமார் அரை நிமிடம் வேண்டும். கூட்டிக் கொடுப்பது ஒட்சிசன். ஆகவே அந்த ஒரு நிமிட நாற்காலியில் எவ்வளவு தேறுகிறோம் என்பதை முடிவுசெய்வது, இரண்டு மாதமாக நிதானமாக ஓடிய ஓட்டமும் மிதித்த சைக்கிளும். பார்க்கச் சலிப்பான வேலை. யாரும் வீடியோ எடுத்துப் போடுவதில்லை.

முதல் சண்டைக்காரரை உண்மையில் தோற்கடிப்பது முன்கை. எதிராளியைக் கம்பி வலையில் சாய்த்து இறுகப் பிடிக்கிறார். முழு பலத்தில் பாதிக்கு மேல் போட்டுத் தொடர்ந்து பிடித்தால், இறுகிய தசையே தனக்குள் வரும் இரத்தத்தைத் தடுக்கத் தொடங்குகிறது. அரை நிமிடத்தில் முன்கை கல்லாகிறது. மணி அடித்த பின் முஷ்டியை முழுதாக மூடக்கூட முடியாது. அட்ரினலின் வேறு தேவைக்கு மேல் இறுகப் பிடிக்கச் சொல்கிறது. பழகியவர் பிடியைக் கொக்கிபோல் மாட்டிவிட்டு, தோளாலும் தலையாலும் அழுத்துவார். விரல்களுக்கு இடையிடையே ஓய்வு கிடைக்கும். இதை ஸ்பாரிங் எனும் பயிற்சிச் சண்டையில் களைத்துப்போன பிறகு பயில வேண்டும்.

அந்த ஸ்பாரிங்கிலும் தலைக்கு மெதுவாகத்தான். அடிபட்டுத் தலைவலியோ குமட்டலோ வந்தால் பெனடோல் போட்டுக்கொண்டு திரும்ப ஏறுவது நம்மூர் வீரம். முதல் அதிர்ச்சி ஆறுமுன் இரண்டாவது விழுந்தால் இளவயது மூளை வீங்கி உயிரே போகலாம். மருத்துவரின் அனுமதியில்லாமல் திரும்பக் கூடாது.

எடை குறைத்தே ஆக வேண்டும் என்றால் வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவீதத்துக்குள். 70 கிலோவிலிருந்து 65.8க்கு அது ஏழெட்டு வாரத்து வேலை. கடைசி இரண்டு நாள் நார் உணவைக் குறைத்தால் குடல் கொஞ்சம் இலேசாகும். சோறு வேண்டும், தண்ணீர் வழக்கம்போல வேண்டும். வெயிலில் நெடுநேரம் பயிற்சி என்றால் வீட்டில் கிடக்கும் ஜீவனிப் பொட்டலமே போதும். அப்படியும் இறங்காவிட்டால் மேல் பிரிவில் பெயர் கொடுக்கலாம். எடை கூடுதலாக நிற்கும் எதிராளி, வற்றிப்போன நம் உடம்பைவிடக் குறைந்த ஆபத்து.

பயிற்சி தொடங்கும்போதே சிறுநீர்ப் பரிசோதனையும் இரத்தத்தில் கிரியேட்டினின் பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது. அதற்கு முந்தைய இரண்டு நாள் கடும் பயிற்சி வேண்டாம். தசை அதிகமுள்ளவர்களுக்கும், கிரியேட்டின் தூள் சாப்பிடுகிறவர்களுக்கும் அந்த எண் இயல்பாகவே சற்றுக் கூடுதலாகக் காட்டலாம் என்பதால், சண்டைக்குத் தயாராவதை வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள்; அறிக்கையைப் பத்திரமாக வைத்திருந்து அடுத்த சண்டைக்கு முன் மீண்டும் பரிசோதித்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.