பதவியேற்ற ஆயரின் மறுநாள்

ஆயர் ஒருவர் பதவியேற்கிறார் என்றால் மாலை, ஊர்வலம், விருந்து, பத்திரிகையில் படம் எல்லாம் உண்டு. அதை நாம் பார்த்து மகிழ்கிறோம். மறுநாள் காலை அவர் தோளில் இருக்கும் ஆன்மிகப் பொறுப்பு என்ன என்று கேட்டால் நம்மில் பலர் தலையைச் சொறிவோம். லூத்தரன், மெதடிஸ்ட் சபைகளின் முறை வேறு. இன்று கத்தோலிக்க ஆயரைப் பற்றி மட்டும் பேசுவோம்.

சுங்காய் உட்பட பேராக் வட்டாரம் பினாங்கு மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. 1955இல் உருவான இம்மறைமாவட்டத்தில் பினாங்கு, கெடா, பெர்லிஸ், கிளந்தான் மாநிலங்களும் அடங்கும். 1983 முதல் 2012 வரை அந்தோணி செல்வநாயகம் ஆயராக இருந்தார். அவருக்குப் பின் செபஸ்தியான் பிரான்சிஸ் 2012 ஜூலை 7இல் நியமிக்கப்பட்டு, ஆகஸ்ட் 20இல் பொறுப்பேற்றார். புதிதாக ஆயராகும் ஒருவர் நான்கு மாதத்திற்குள் பொறுப்பேற்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். இவர் 44 நாளில் ஏற்றார். 2023இல் கர்தினாலாகவும் உயர்த்தப்பட்டார்.

சரி, ஏற்ற பிறகு? 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு ஒரு கடமையை மிகக் கண்டிப்பாகச் சொல்கிறது. ஒவ்வொரு ஞாயிறும், கடன் திருநாள்களிலும் தம் மக்களுக்காக அவர் திருப்பலி ஒப்புக்கொடுக்க வேண்டும். அன்று முடியாவிட்டால் வேறு குருவைக் கொண்டு செய்விக்கலாம், அல்லது வேறு நாளில் தாமே செய்யலாம். அதையும் விட்டுவிட்டால்? விட்டுப்போனவை எத்தனையோ அத்தனை பலிகளையும் கூடிய சீக்கிரம் நிறைவேற்ற வேண்டும். கடன் பாக்கி மாதிரிதான்! மக்களுக்கு அவர் ஆண்டவர் முன்னிலையில் கடன்பட்டவர் என்றே சட்டம் பார்க்கிறது.

அடுத்தது மறைமாவட்டச் சந்திப்பு. ஆண்டுதோறும் ஒரு பகுதியையாவது பார்த்து, ஐந்து ஆண்டுக்குள் மறைமாவட்டம் முழுவதையும் சுற்றி முடிக்க வேண்டும். தக்க தடை இருந்தால் வேறு ஒருவரை அனுப்பலாம். நம் வட்டாரத்திற்கு இது முக்கியம். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் கைமாறின, லயத்து வீடுகளில் இருந்தவர்கள் தாமான்களுக்கும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் குடிபெயர்ந்தார்கள். ஆட்கள் குறைந்த இடத்தில் உள்ள சிற்றாலயத்தையும் அந்தச் சந்திப்பிலிருந்து ஒதுக்கிவிட முடியாது. அந்தக் காலத்தில் பெரிய துரை வருகிறார் என்றால் லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பார்களே, ஆயர் வருகையும் அப்படி ஆகிவிட்டால் பயனில்லை. குறைகளை மறைக்காமல் காட்டுவது மக்களின் பங்கு.

வாழ்க்கைச் சூழலால் கோயிலுக்கு வர இயலாதவர்களையும், வருவதையே நிறுத்திவிட்டவர்களையும் அவர் தேடவேண்டும் என்கிறது சட்டம். ஞாயிற்றுக்கிழமையும் 'ஷிப்ட்' வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் இந்தக் கணக்கில் வருகிறார்கள் அல்லவா? கிறிஸ்துவர் அல்லாதவர்களையும் தம் பொறுப்பில் உள்ளவர்களாகக் கருதவேண்டும் என்றும் இருக்கிறது. இது பலருக்குத் தெரியாத செய்தி.

குருக்களை ஆலோசகர்களாக மதித்துக் கேட்பதும், அவர்கள் பிழைப்புக்கும் மருத்துவத்துக்கும் வழிசெய்வதும் அவர் வேலை. ஓர் ஊரிலிருந்து மறு ஊருக்கு ஓடி ஓடித் திருப்பலி வைக்கும் குருவானவர் சோர்ந்துபோனால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவர் ஆயரே.

வருடத்தில் ஒருமுறை, புனித வாரத்தையொட்டி, குருக்கள் சூழ அவர் மூன்று எண்ணெய்களை ஆசீர்வதிக்கிறார். ஒன்று திருமுழுக்குக்கு ஆயத்தமாவோருக்கு, ஒன்று நோயாளிகளுக்கு, மற்றொன்று நறுமணம் கலந்த கிறிஸ்மா தைலம். அவை பங்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகின்றன. சுங்காயில் படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பாட்டியின் நெற்றியில் பங்குக் குருவானவர் பூசுவது பெரும்பாலும் அந்த எண்ணெய்தான்.