மலிவுக் கார்கள் உழைக்கத் தொடங்கியது எப்படி?

1986-இல் அமெரிக்காவுக்கு வந்த ஹூண்டாய் எக்ஸெல், விலை 5,000 டாலருக்குள் என்பதால் மளமளவென்று விற்றது. அடுத்தடுத்த பழுதுகளால் பெயரும் கெட்டது.

திருப்பம் 1998-இல். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் 10 ஆண்டு அல்லது 1,00,000 மைல் வாரன்ட்டி என்று நிறுவனம் அறிவித்தது. வாங்குபவர்களைக் கவரத்தான் இது வந்தது; ஆனால் என் பார்வையில், அதன் பெரிய வேலை தொழிற்சாலைக்குள் நடந்தது. பழுதுச் செலவு வாங்கியவர் தலையிலிருந்து தயாரித்தவர் தலைக்கு மாறியது. எட்டாம் ஆண்டில் உடையக்கூடிய பாகத்தை வரைபடத்திலேயே திருத்துவதுதான் இனி லாபம்.

ஆனாலும் 2015-இல் லட்சக்கணக்கான ஹூண்டாய் சொனாட்டா கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. கிராங்க்‌ஷாஃப்ட் தயாரிப்பில் தங்கிவிட்ட உலோகத் துகள்கள் ஆயில் செல்லும் வழியை அடைத்தன. பேரிங்குகள் தேய்ந்து, ஓடும்போதே இன்ஜின் நின்றுவிடும் ஆபத்து இருந்தது.