முளைத்த மூன்றாம் நாளில் மடியும் நாற்றுகள்

திருவனந்தபுரத்தில் ஜூன் பிறந்து மழை பிடித்துக்கொண்டால், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பால்கனிகளில் ஆண்டுதோறும் ஒரு சிறு துக்கம் நிகழ்கிறது. ஓணத்துக்கு வீட்டுக் காயைப் பறித்துவிடலாம் என்று மே மாதக் கடைசியில் மிளகாயும் தக்காளியும் கத்தரியும் விதைத்தவர்கள், மழைக்குப் பயந்து தட்டுகளை வீட்டுக்குள் சன்னலோரமாக நகர்த்தி வைக்கிறார்கள். விதை முளைக்கிறது. இரண்டு நாள் மகிழ்ச்சி. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், முந்தைய மாலை நிமிர்ந்து நின்ற நாற்றுகளில் பாதி மண்ணோடு சாய்ந்து கிடக்கின்றன. இலையில் பச்சை மாறவில்லை. தண்டு மண்ணைத் தொடும் இடம் மட்டும் நீர் கோத்து, நூல் போல் இளைத்திருக்கிறது.

கரமனையில் குடியிருந்த காலத்தில் எனக்கும் இது மூன்று முறை நேர்ந்தது. முதல் முறை, நாற்றுகள் வாடிவிட்டன என்று எண்ணி இன்னும் தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் எஞ்சியவையும் போயின. இரண்டாம் முறை விதையைக் குறை கூறினேன். மூன்றாம் முறை, அறிந்தவர் ஒருவர் பெயர்ச்சீட்டு இல்லாத ஒரு பொட்டலத்தில் குருணை மருந்து கொடுத்து, ஒரு சிட்டிகை போட்டால் மண்ணில் ஒரு புழுவும் இருக்காது என்றார். அதைப் போடுமுன் கிருஷி பவன் அலுவலர் ஒருவரிடம் கேட்டது என் நல்ல காலம். அவர் மருந்தைப் பற்றிப் பேசவே இல்லை. தட்டின் அடியில் தண்ணீர் நிற்கிறதா என்றுதான் முதலில் கேட்டார். நின்றுகொண்டுதான் இருந்தது.

அந்தக் கேள்வியின் பொருளை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மேலே சொன்ன அடையாளம் நாற்றழுகல் நோயினுடையது. இதை உண்டாக்குவது புழு அன்று. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள். அவற்றுள் முதன்மையானது பித்தியம். பார்வைக்குப் பூஞ்சை போலத் தோன்றினாலும் இயல்பால் நீர்ப்பாசிகளின் உறவு. மண் துகள்களுக்கிடையே நீர் நிறைந்திருக்கும்போது, இது நீந்திச் செல்லக்கூடிய வித்துகளை வெளியிடும். அவை வேர் கசியும் சாற்றின் தடத்தைப் பற்றிக்கொண்டு இளவேரையும் தண்டையும் சென்றடைகின்றன. நீர் வடிந்து மண்ணில் காற்று புகுந்துவிட்டால் நீந்த வழியில்லை. நாம் கூடுதலாக ஊற்றும் ஒவ்வொரு குவளைத் தண்ணீரும் அந்த வித்துகளுக்கு வெட்டிக் கொடுக்கும் வாய்க்கால்தான். இந்தியாவில் இது புதிய சிக்கலும் அன்று. பீகாரின் பூசாவிலிருந்த அரசு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய எட்வின் ஜான் பட்லர், 1907 ஆம் ஆண்டிலேயே பித்தியம் இனத்தைக் குறித்து விரிவான ஆய்வுரை ஒன்றை வெளியிட்டிருக்கிறார்.

இன்னொன்று ரைசோக்டோனியா. இது நீந்துவதில்லை, மண்ணில் இழை இழையாகப் படர்கிறது. இது தாக்கிய தண்டில் நீர்க்கோவைக்கு மாறாகச் செம்பழுப்பான, உலர்ந்த குழிவு தெரியும். கேரளத்தில் மழைக்காலத்துச் செங்கீரை இலைகளை வெளுத்துக் கருகச் செய்வதும் இதே உயிர்தான். வெள்ளாயணியில் உருவான ‘அருண்’ செங்கீரையைத் தனியே விதைக்காமல், கோயம்புத்தூரில் உருவான ‘கோ 1’ பச்சைக் கீரையோடு கலந்து விதைக்கும்படி கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகம் அறிவுறுத்துவது அதனால்தான். கோ 1 இந்நோயைத் தாங்கி நிற்கும். இரு மாநிலத்துக் கீரைகளும் ஒரே தொட்டியில் ஒன்றுக்கொன்று காவலாக நிற்பதில் எல்லையோரத் தமிழர்களாகிய நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

சரி, மண்ணில் புழுவே இல்லையா? இருக்கிறது. நாற்றுத் தட்டைத் தட்டினால் கொசுவைப் போன்ற கருநிறச் சிறு பூச்சிகள் எழுந்து தள்ளாடிப் பறப்பதைப் பலர் கண்டிருக்கலாம். அவை கடிப்பதில்லை; பூஞ்சைக் கொசு எனலாம். ஈரமான, மக்கும் பொருள் நிறைந்த மேல்மண்ணில் ஒரு பெண்பூச்சி நூறு முதல் இருநூறு முட்டை வரை இடும். சில நாளில் வெளிவரும் புழு கண்ணாடி போன்ற வெள்ளை உடலும் கருந்தலையும் கொண்டது. ஏறத்தாழ இரண்டு வாரம் மண்ணின் மேல் இரண்டு மூன்று அங்குலத்துக்குள் வாழ்ந்து, முதலில் பூஞ்சையையும், அது போதாதபோது மென்மையான வேர்முடிகளையும் தின்னும். முட்டையிலிருந்து பூச்சி வரை மூன்று நான்கு வாரத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். வளர்ந்த செடிக்கு இதனால் பெரிய கேடில்லை. நாற்றுக்கோ இரட்டைக் கேடு: வேரைக் கடித்த இடம் அழுகல் நோய்க்கு வாசலாகிறது; நோயின் வித்துகளை ஒரு தட்டிலிருந்து மறு தட்டுக்குச் சுமப்பதும் இப்பூச்சியே.

புழு இருக்கிறதா என்றறிய எளிய வழி ஒன்றுண்டு. தோல் சீவிய உருளைக்கிழங்கு வில்லை ஒன்றை மண்மேல் அழுத்தி வைத்து, இரண்டு நாள் கழித்துப் புரட்டிப் பாருங்கள். கருந்தலைப் புழுக்கள் அடியில் கூடியிருந்தால் ஐயம் தீர்ந்தது. பறக்கும் பூச்சிகளை மஞ்சள் ஒட்டுப்பொறி ஈர்த்துப் பிடிக்கும். ஆயினும் அது எண்ணிக்கையைக் காட்டும் கருவியே அன்றி முழுத் தீர்வாகாது. மேல்மண் ஓர் அங்குலம் உலரும்வரை தண்ணீரை நிறுத்துவதே உறுதியான அடி. முட்டையும் இளம்புழுவும் உலர்ந்த மண்ணில் பிழைப்பதில்லை. அதற்கும் அடங்காவிட்டால், பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்னும் பாக்டீரியாக் கரைசலை மண்ணில் ஊற்றலாம். தேங்கிய நீரிலுள்ள கொசுப்புழுவைக் கொல்ல நகராட்சிகள் பயன்படுத்துவது இதையே. புதுச்சேரியிலுள்ள நோய்பரப்பி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இதன் இந்திய வகை ஒன்றை உருவாக்கியுள்ளது. கம்பளிப்புழுக்களுக்கென விற்கப்படும் குர்ஸ்டாகி வகை இதற்குப் பயன்படாது. வாங்கும்போது பெயரின் கடைசிச் சொல்லைப் பார்த்து வாங்க வேண்டும்.

காணாமற்போன நாற்றெல்லாம் நோயால் போனவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கீரை விதைத்து ஒரு வாரமாகியும் முளையே இல்லையென்றால், எறும்பு விதையைச் சுமந்துகொண்டு போயிருக்கும். கேரளத்து விவசாயிகள் விதையோடு சிறிது ரவையைக் கலந்து தூவுவார்கள். எறும்பு ரவையைத் தூக்கிச் செல்ல, விதை தப்பும். தண்டு கத்தியால் அறுத்ததுபோல் துண்டாகிக் கிடந்தால் அது வெட்டுப்புழுவின் வேலை. இரவில் கைவிளக்கோடு தேடினால் அகப்படும். நாற்று சாகாமலும் வளராமலும் நின்றால் ஒன்றைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். வேரில் மணிமணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு. மாவு பூசியதுபோல் வெண்மை இருந்தால் வேர் மாவுப்பூச்சி. இவ்விரண்டும் பெரும்பாலும் பழைய தொட்டி மண்ணோடு வருபவை.

இனி அந்தக் குருணைப் பொட்டலம். பெயர்ச்சீட்டில்லாமல் கைமாறும் குருணை மருந்துகள் பெரும்பாலும் கார்போஃபியூரான் அல்லது ஃபோரேட்டாக இருக்கக்கூடும். இரண்டையும் கேரள அரசு 2011 ஆம் ஆண்டிலேயே தடைசெய்தது. ஃபோரேட் 2020 டிசம்பர் முடிவோடு நாடு முழுவதும் தடைக்குள்ளானது. இவை வேரால் உறிஞ்சப்பட்டுத் தண்டுக்கும் இலைக்கும் ஏறுபவை. நாற்பது நாளில் பறிக்கும் கீரைத் தொட்டியில் இவற்றைப் போடுவது எத்தகைய செயல் என்பதை விளக்க வேண்டியதில்லை. குழந்தைகள் விளையாடும் பால்கனியில், குருவி வந்து மண்ணைக் கொத்தும் தொட்டியில், ஒரு சிட்டிகையும் மிகுதியே. இத்தனைக்கும் நாற்றழுகலை இவை தொடுவதுகூட இல்லை. பூச்சிக்கான நஞ்சு நுண்ணுயிர் நோயை என்ன செய்யும்? சந்தைக் காய்கறியில் நஞ்சு எச்சம் இருக்குமோ என்று அஞ்சித்தான் நம்மில் பலர் வீட்டில் பயிரிடத் தொடங்கினோம். அந்த அச்சம் வாசல் வழியே வெளியேற, அதைவிடக் கொடிய நஞ்சைச் சன்னல் வழியே உள்ளே அழைப்பது முறையாகாது.

செய்ய வேண்டியது விதைக்கும் முன்பே தொடங்குகிறது. நாற்றுக்குத் தோட்ட மண் வேண்டாம். கழுவிய தென்னை நார்க் கழிவு இரண்டு பங்கு, நன்கு மக்கிய எரு ஒரு பங்கு போதும். கழுவிய என்ற சொல்லை அழுத்தியே எழுதுகிறேன். கட்டியாக வரும் நார்க் கழிவில் உப்பு மிகுந்திருக்கும். ஊறவைத்த நீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் வடிவதைக் காணலாம். நிறம் வெளிறும்வரை மூன்று நான்கு முறை பிழிந்து எடுக்காவிட்டால் இலை நுனி கருகும், அதை நோயென்று மயங்குவோம். எரு அரைகுறையாக மக்கியிருந்தால் பூஞ்சைக் கொசுவுக்கு விருந்து வைத்ததாகும்.

ஐயமுள்ள கலவையை ஆவியில் வைத்தெடுக்கலாம். 60 பாகை வெப்பம் அரை மணி நேரம் நின்றால் பித்தியமும் புழுவும் முட்டையும் அழியும். ஈரப்படுத்திய கலவையைத் துணியில் கட்டி, பழைய இட்லிக் கொப்பரையில் அரை மணி ஆவி காட்டினால் ஒரு தட்டுக்குப் போதுமானது கிடைக்கும். அதற்கெனத் தனிப் பாத்திரம் வைத்துக்கொள்வது குடும்ப அமைதிக்கு நல்லது.

ஆவியில் வெந்த மண் வெற்றிடம் போன்றது. நல்லதும் கெட்டதும் அதில் இல்லை. காலியிடத்தில் கெட்டது முந்திக் குடியேறாமலிருக்க, ஆறியபின் டிரைக்கோடெர்மாவைக் கலக்க வேண்டும். இது நோய்ப் பூஞ்சையின் இழையைச் சுற்றிப் பிணைந்து அதையே உணவாக்கிக்கொள்ளும் நற்பூஞ்சை. ஒன்பது பங்கு உலர்ந்த சாணத்தோடு ஒரு பங்கு வேப்பம் புண்ணாக்கைப் பொடித்துச் சேர்த்து, ஈரம் தெளித்து, 100 கிலோவுக்கு ஒன்று அல்லது இரண்டு கிலோ டிரைக்கோடெர்மா என்ற அளவில் கலந்து, நிழலில் மூடி வைத்தால் ஒரு வாரத்தில் பச்சைப் பூசணம் படரும். நடுவே ஒரு முறை கிளறிவிட வேண்டும். பால்கனிக்குப் பத்துக் கிலோவே அதிகம். சூடோமோனாஸ் என்னும் நற்பாக்டீரியாவை லிட்டருக்கு 20 கிராம் வீதம் கரைத்து நாற்றின் அடியில் ஊற்றலாம். இரண்டையும் ஒரே நாளில் இடாமல் சில நாள் இடைவெளி விடுவது வழக்கம். வெள்ளாயணி வேளாண்மைக் கல்லூரியிலோ அருகிலுள்ள கிருஷி பவனிலோ விசாரித்து வாங்குங்கள். உயிருள்ள பொருளாதலால் காலாவதித் தேதி முக்கியம். இட்டபின் இரசாயனப் பூஞ்சைக்கொல்லி ஊற்றினால் இட்டதும் சாகும்.

பிறகு தண்ணீர். தட்டை அடியிலிருந்து நனைத்து, கால் மணியில் மீதி நீரைக் கொட்டிவிடுங்கள். தட்டின் கீழ்த் தட்டில் நீர் நிற்பது நாற்றுக்கு மட்டுமன்றி நமக்கும் தீது. டெங்குக் கொசு முட்டையிடத் தேடும் இடம் அதுவே. காலையில் ஊற்றுங்கள், மாலையில் வேண்டாம். விதையைத் தன் பருமனைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆழத்துக்கு மேல் புதைக்காமலும், நெருக்கித் தூவாமலும் இருந்தால் நாற்றுகளுக்கிடையே காற்று ஓடும். மழைநாளில் கூரை விசிறியை மெல்லச் சுழலவிட்டால் மேல்மண் உலரும். இந்த ஒன்று என் வீட்டில் மருந்தைவிடப் பயனளித்தது. வெளிச்சம் குறைந்த மூலையில் நாற்று ஒல்லியாக நீளும், மண்ணும் உலராது. ஆகவே ஒரு நாளில் சில மணி நேரமேனும் நேர் வெளிச்சம் விழும் சன்னல் இல்லாத வீட்டில், ஜூன் மாதம் நாற்று விடுவதைவிடக் கடையில் நாற்று வாங்குவதே மேல் என்பது என் கருத்து.

நாற்றுகள் சாயத் தொடங்கிவிட்டால்? சாய்ந்தது பிழைக்காது. அதையும் அதைச் சுற்றி இரண்டு அங்குல மண்ணையும் கரண்டியால் எடுத்து அப்புறப்படுத்துங்கள்; உரக்குழியில் இடாதீர்கள். நிற்பவற்றை அன்றே புதிய உலர்ந்த கலவைக்கு மாற்றினால் சில தப்பும். தட்டைச் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். உடனே மறுபடி விதைத்தால் இழப்பு மூன்று வாரம். மே கடைசியில் விதைத்த மிளகாய் ஓணத்துக்குக் காய்க்கும். ஜூன் நடுவில் மீண்டும் விதைத்தது ஓணம் கழிந்தபின்தான் காய்க்கும். அந்த இடைவெளியைக் கீரை நிரப்பும். மூன்று நான்கு நாளில் முளைத்து, ஒரு மாதத்தில் பறிக்கலாம்.

பழைய மண்ணை எறிந்துவிட வேண்டியதில்லை. மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மொட்டைமாடித் தரையில் அரையடிக்கும் குறைவான கனத்தில் பரப்பி, ஈரமாக்கி, நிறமற்ற மெல்லிய பாலித்தீன் தாளால் ஓரம் பிரியாமல் மூடி, மூன்று நான்கு வாரம் வெயிலில் விட்டுவிடுங்கள். கறுப்புத் தாளைவிட நிறமற்ற தாளே வெப்பத்தை உள்ளே சேர்க்கும். ஏப்ரலில் திறந்து, வேப்பம் புண்ணாக்கும் டிரைக்கோடெர்மா ஏறிய சாணமும் கலந்து மூட்டை கட்டி வைத்தால், மே மாத விதைப்புக்குப் பின் நாற்றுகளை நடும் தொட்டிகளுக்கு அந்த மண்ணே போதும்.