அப்போது வைத்த குழம்பும் டப்பாவிலிருந்து எடுத்த குழம்பும்: பியானோ, கீபோர்டு எப்படி இயங்குகின்றன?

பிள்ளையைப் பியானோ வகுப்பில் சேர்த்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி: நிஜப் பியானோ வாங்க வேண்டுமா, கீபோர்டே போதுமா? கடைக்காரர் விலையிலிருந்து தொடங்குவார். நாம் அடுப்பங்கரையிலிருந்து தொடங்கலாம். பியானோவில் வரும் ஒவ்வொரு ஒலியும், கட்டையை அழுத்திய அந்த நொடியில் புதிதாக வைத்த குழம்பு. கீபோர்டில் வருவது, யாரோ ஒரு நல்ல பியானோவில் எப்போதோ வைத்து, டப்பாவில் அடைத்து, பிரிட்ஜில் எடுத்து வைத்த குழம்பு. கேட்டதும் எடுத்துப் பரிமாறுகிறது. இரண்டும் பசியாற்றும். சமைக்கக் கற்றுக்கொள்ள வந்த விரலுக்கு எது உதவும் என்பதுதான் விஷயம்.

பியானோவின் முன்னோடியை 1700 வாக்கில் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் செய்தவர் பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி. அதற்கு முன்பிருந்த ஹார்ப்சிகார்டில் சிறு இறகுமுனை தந்தியை மீட்டும். மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒலி ஏறக்குறைய ஒரே அளவுதான். கிறிஸ்தோஃபோரி மீட்டுவதை விட்டுவிட்டுச் சுத்தியலால் தட்ட வைத்தார். இன்றைய பியானோவில் 88 கட்டைகள். தந்திகள் 200க்கும் மேல்.

கட்டை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் இறங்கும். அதற்குள் நடப்பதைக் கவனிக்க வேண்டும். கட்டையின் மறுமுனை எழும்பி, கம்பளி ஃபெல்ட் சுற்றிய சுத்தியலைத் தந்தியை நோக்கித் தள்ளுகிறது. தந்தியைத் தொட இன்னும் ஓரிரண்டு மில்லிமீட்டர் இருக்கும்போதே கட்டை சுத்தியலை விட்டுவிடுகிறது. மிச்சத் தூரத்தைச் சுத்தியல் தன் வேகத்திலேயே கடந்து, தந்தியைத் தட்டிவிட்டுத் திரும்பி விழுகிறது. அப்படி விடாவிட்டால் தந்தியின் மேலேயே உட்கார்ந்து ஒலியை அமுக்கிவிடும். எனவே விரல் தந்திக்குச் சொல்லி அனுப்புவது முக்கியமாக ஒன்றைத்தான்: சுத்தியலின் வேகம். தட்டி முடிந்தபின் கட்டையை எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் அந்த ஒலி கூடாது.

வேகம் மாறும்போது ஒலியின் அளவோடு சுவையும் மாறுகிறது. மெல்லத் தட்டினால் ஃபெல்ட் மெத்தென்று பட்டு, உருண்டையான ஒலி வரும். ஓங்கித் தட்டினால் ஃபெல்ட் நசுங்கி இறுகி, தந்தியின் நுண்ணதிர்வுகளையும் கிளப்பிவிடும்; ஒலி கணீரென்று வரும். ஒவ்வொரு தடவையும் உப்பும் காரமும் உங்கள் கையில்தான்.

தந்திகளின் மேல் ஃபெல்ட் மூடிகள் உண்டு. கட்டையை அழுத்தினால் அதன் மூடி திறக்கும், விரலை எடுத்தால் மூடிக்கொள்ளும். மேல்கோடியில் இருக்கும் கட்டைகளுக்கு மட்டும் மூடி கிடையாது. அந்த ஒலிகள் தாமே சீக்கிரம் அடங்கிவிடும். வலது பெடலை மிதித்தால் எல்லா மூடிகளும் ஒன்றாகத் திறக்கும். அப்போது ஒரு பாத்திரத்தின் மணம் அடுத்ததில் ஏறுவதுபோல் ஒரு தந்தியின் அதிர்வு மற்றவற்றில் ஏறுகிறது. கடையில் நிஜப் பியானோ இருந்தால் இதைச் செய்து பாருங்கள். நடு ‘சி’ கட்டையை ஒலி எழாதபடி மிக மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள ‘சி’யை இடது கையால் பட்டென்று தட்டிக் கையை எடுங்கள். தட்டிய ஒலி நின்றுவிடும். தட்டாத நடு ‘சி’ மெல்ல ஒலித்துக்கொண்டிருக்கும். பியானோவின் அழகில் பாதி இந்தக் கலப்பில்தான் இருக்கிறது என்பேன்.

இனி கீபோர்டு. கட்டைக்கு அடியில் ரப்பர் குமிழ்கள். அவற்றில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடும் இரண்டு தொடுபுள்ளிகள். முதலாவது தொட்டதற்கும் இரண்டாவது தொட்டதற்கும் இடைப்பட்ட நேரத்தை உள்ளிருக்கும் சில்லு அளக்கிறது. நேரம் குறைந்தால் வேகம் அதிகம். 1983இல் வந்த மிடி என்ற பொது ஏற்பாட்டின்படி அந்த வேகத்துக்கு 1 முதல் 127 வரை ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் எந்த டப்பாவைத் திறப்பது என்று முடிவாகிறது.

நல்ல டிஜிட்டல் பியானோவில் ஒரே சுரத்தை மெல்லவும் நடுத்தரமாகவும் ஓங்கியும் தட்டிப் பதிந்த தனித்தனி டப்பாக்கள் இருக்கும். மலிவான கீபோர்டில் பெரும்பாலும் ஒரே டப்பாதான்; மெல்லத் தட்டினால் அதையே சின்னக் கரண்டியால் ஊற்றும். அளவு குறையும், காரம் குறையாது. நிஜத்தில் கீழ்ச்சுரம் நெடுநேரம் நின்று தேயும். இங்கே நினைவகம் போதாமல் பதிவின் வால்பகுதியையே திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். தண்ணீர் விட்டு நீட்டிய குழம்பு என்று கூர்ந்து கேட்டால் தெரியும். மூடிய டப்பாக்களுக்குள் மணம் கலக்காது என்பதால் அந்தக் கலப்பையும் கணக்குப் போட்டுச் சேர்க்க வேண்டும். விலை கூடிய கருவிகளில் சேர்க்கிறார்கள்.

ஆனாலும் தொடக்கநிலையில் ஒலியைவிட எனக்குக் கவலை தருவது கட்டைதான். சாதாரணக் கீபோர்டின் கட்டைக்கு அடியில் இருப்பது ஸ்பிரிங். அழுத்த அழுத்த எதிர்ப்பு கூடிக்கொண்டே போகும். நிஜப் பியானோவில் விரல் அசைப்பது ஒரு பாரத்தை. தொடக்கத்தில் கனக்கும், நகர்ந்துவிட்டால் தானே ஓடும். ஸ்பிரிங்கில் பழகிய குழந்தை பியானோவின் முன் உட்கார்ந்தால், மெல்ல வாசிக்கப் போன இடத்தில் ஒலியே வராது. பிழை குழந்தையின் மேல் இல்லை. சுத்தியலை எறிந்து பழக அந்த விரலுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

அதனால் பியானோதான் குறிக்கோள் என்றால், 88 கட்டைகளும் சுத்தியல் பாரமும் பெடலும் உள்ள டிஜிட்டல் பியானோவை வாங்குங்கள் என்றே சொல்வேன். ஹெட்போன் மாட்டி இரவிலும் பயிற்சி செய்யலாம், பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு இல்லை. சினிமாப் பாட்டு, மேடைக் கச்சேரி, தாளத்தோடு வாசிப்பது என்று ஆசை வேறு பக்கம் இருந்தால் 61 கட்டைக் கீபோர்டே சரியான கருவி. அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். டிரினிட்டி காலேஜ் லண்டன் தேர்வுகளில் பியானோவும் எலக்ட்ரானிக் கீபோர்டும் தனித்தனிப் பாடங்கள். எந்தத் தேர்வுக்குப் போவது என்று ஆசிரியரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

நிஜப் பியானோ வாங்க வசதியும் இடமும் இருந்தால் மகிழ்ச்சியாக வாங்கலாம், பராமரிக்கவும் முடியுமானால். சென்னை போன்ற கடலோர ஊரில் மழைக்காலத்தில் மரப்பலகை ஈரம் குடித்து உப்பும், சுருதி ஏறும். வறண்ட நாளில் இறங்கும். உப்புக்காற்றில் தந்தி துருப்பிடிக்கும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது டியூனரை அழைக்க வேண்டும். சுருதி கலைந்த பழைய பியானோ மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி, இப்போதுதான் கேட்கத் தொடங்கியிருக்கும் காதுக்குக் கெட்டுப்போன குழம்பைப் பரிமாறாதீர்கள். அதற்கு டிஜிட்டல் எவ்வளவோ மேல்.

கையில் இருப்பது 61 கட்டைதான் என்றால் அதிலேயே தொடங்குங்கள். முதல் ஆண்டுப் பாடங்கள் பெரும்பாலும் ஐந்து ஸ்தாயிக்குள் அடங்கிவிடும். ஒரே கட்டையை மெல்லவும் ஓங்கியும் தட்டிப் பாருங்கள். ஒலி துளியும் மாறாத கருவியாக இருந்தால் மட்டும் மாற்றிவிடுங்கள். புதிதாக வாங்குவோர் ஸ்டாண்டையும் பார்த்து வாங்க வேண்டும். எக்ஸ் வடிவ ஸ்டாண்டு 88 கட்டையின் கனத்தில் ஆடும், முழங்காலிலும் இடிக்கும். மேசை போல நான்கு கால் உள்ளதைக் கேளுங்கள். குழந்தை உட்கார்ந்தால் முழங்கை கட்டைகளின் மட்டத்துக்கு வர வேண்டும். பெஞ்சின் உயரத்தை அதற்கேற்ப ஏற்றி இறக்க முடிகிறதா என்று கடையிலேயே உட்கார வைத்துப் பார்த்துவிடுங்கள்.