மொய் விருந்து

மொய் விருந்து என்பது தமிழ்நாட்டின் புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களின் சில பகுதிகளில், உற்றார் உறவினரிடமிருந்து பணம் திரட்டும் பொருட்டு நடத்தப்படும் விருந்து ஆகும். திருமணம், காதணி விழா, புதுமனை புகுவிழா போன்ற நிகழ்வு எதுவும் இன்றி, மொய் பெறுவதற்காகவே இவ்விருந்து நடத்தப்படுகிறது. கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி, பேராவூரணி ஆகிய ஊர்களும் அவற்றைச் சுற்றியுள்ள சிற்றூர்களும் இதற்குப் பெயர் பெற்றவை. வெளியூராருக்கு இது அன்பளிப்புப் போலத் தோன்றினாலும், மொய் என்பது திருப்பித் தரப்பட வேண்டிய தொகையாகும்.

சொற்பொருள்

மொய்த்தல் என்ற சொல்லுக்குத் திரளுதல், நெருங்கிக் கூடுதல் என்று பொருள். பலர் கூடி அளிக்கும் பணம் மொய் எனப்பட்டது. மதுரை, தேனிப் பகுதிகளில் இது செய்முறை என்றும், திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பகுதிகளில் சுருள் என்றும் வழங்கப்படுகிறது.

மொய் எழுதுதல்

தமிழ்நாட்டின் பல பகுதிகளில், விழா நடக்கும் இடத்தின் வாயிலருகே ஒரு மேசை போடப்பட்டிருக்கும். அங்கு ஒருவர் பணத்தை வாங்கி எண்ண, மற்றொருவர் நோட்டில் எழுதுவார். நோட்டின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி இடப்படும். கொடுப்பவரின் ஊர், தந்தை பெயர், பெயர், தொகை ஆகியவை ஒரே வரியில் எழுதப்படும். ஒரே பெயரில் பலர் இருந்தால் பட்டப்பெயரும் சேர்க்கப்படும். வர இயலாதவர்கள் பிறரிடம் பணத்தைக் கொடுத்தனுப்புவர்.

பல ஊர்களில் இவ்விவரம் ஒலிபெருக்கியில் வாசிக்கப்படுகிறது. கொடுத்த தொகையை ஊரறிய அறிவிப்பது வெளியாருக்கு நாகரிகக் குறைவாகத் தோன்றலாம். எனினும் இதற்குத் தெளிவான பயன் உண்டு. தாம் கொடுத்த தொகை சரியாக எழுதப்பட்டதா என்பதைக் கொடுத்தவர் அங்கேயே அறிந்துகொள்கிறார். கேட்டிருப்போர் அனைவரும் அதற்குச் சாட்சியாகின்றனர்.

தொகையை 101, 501, 1,001 என ஒரு ரூபாய் கூட்டிக் கொடுப்பதும் பரவலான வழக்கம். சுழியத்தில் முடியும் தொகை முடிவைக் குறிக்கும் என்றும், கூடுதலாக வைக்கும் ஒரு ரூபாய் உறவு தொடர்வதைக் குறிக்கும் என்றும் கூறுவர். ஒரு ரூபாய் நாணயம் ஒட்டப்பட்ட உறைகளே கடைகளில் விற்கப்படுகின்றன.

விருந்து நடைபெறும் முறை

மொய் விருந்துகள் பெரும்பாலும் ஆடி மாதத்தில் நடைபெறுகின்றன. அம்மாதத்தில் திருமணங்கள் பொதுவாகத் தவிர்க்கப்படுவதால், மண்டபங்களும் சமையற்காரர்களும் எளிதில் கிடைப்பர். ஒருவர் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை விருந்து நடத்துவார்.

பந்தல், சமையல், ஆட்டிறைச்சி ஆகியவற்றுக்கான செலவைக் குறைக்கப் பலர் சேர்ந்து ஒரே விருந்தை நடத்துவதுண்டு. அழைப்பிதழிலும் விளம்பரப் பதாகையிலும் அனைவர் பெயரும் இடம்பெறும். உணவு பொதுவாக இருந்தாலும் கணக்கு பொதுவன்று. ஒவ்வொருவருக்கும் தனி மேசை, தனி நோட்டு, பணம் போடத் தனிப் பாத்திரம் ஆகியவை இருக்கும். விருந்துண்டவர் தமக்கு உரியவரின் மேசையைத் தேடிச் சென்று மொய் எழுதுவார். பெருந்தொகை சேரும் விருந்துகளில் பணம் எண்ணும் பொறிகளும் வைக்கப்படுகின்றன.

கணக்கு முறை

மொய்க் கணக்கின் அடிப்படை, வாங்கியதைவிடக் கூட்டிச் செய்வதாகும். எடுத்துக்காட்டாக, முருகன் நடத்திய விருந்தில் செல்வம் 1,000 ரூபாய் மொய் எழுதினார் எனக் கொள்வோம். பின்னர் செல்வம் விருந்து நடத்தும்போது முருகன் 2,000 ரூபாய் எழுதுகிறார். இதில் 1,000 ரூபாய் பழைய மொய்யைத் தீர்க்கிறது. மீதி 1,000 ரூபாய் புதிய மொய்யாகிறது. இப்போது செல்வம் கடன்பட்டவர் ஆகிறார்.

வாங்கிய தொகையை மட்டும் அப்படியே திருப்பித் தருவது கணக்கை முடித்துக்கொள்வதாகக் கருதப்படும். அதாவது, கடனை முழுமையாகத் தீர்ப்பதே இங்கு உறவை முறிக்கும் செயலாகிறது. வெளியாருக்கு மிகவும் புதிராக அமைவது இதுவே. யாரேனும் ஒருவர் எப்போதும் கடன்பட்டிருப்பதால்தான் இச்சங்கிலி அறுபடாமல் நீள்கிறது.

மொய் நோட்டு குடும்பச் சொத்தைப் போலப் பாதுகாக்கப்படுகிறது. அழைப்பு வந்ததும் நோட்டைப் புரட்டி, அவர் தமக்கு எவ்வளவு செய்துள்ளார் என்று பார்ப்பர். தந்தை வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்யும் பொறுப்பு பிள்ளைகளைச் சாரும்.

பயன்கள்

500 பேர் ஆளுக்கு 1,000 ரூபாய் எழுதினால் ஒரே நாளில் ஐந்து இலட்சம் ரூபாய் சேரும். இதற்கு வட்டியோ, அடமானமோ, கடன் பத்திரமோ இல்லை. வேளாண்மையை நம்பியுள்ள இப்பகுதியில் ஆழ்துளைக் கிணறு அமைத்தல், நிலம் வாங்குதல், வீடு கட்டுதல், பிள்ளைகளின் படிப்பு போன்றவற்றுக்கு இப்பணம் பயன்படுகிறது. மேலும், வாங்கிய தொகையை ஒரே தவணையில் அடைக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் விருந்து நடத்தும்போது சிறிது சிறிதாகத் திருப்பிச் செய்தால் போதும்.

சிக்கல்கள்

மொய்யைத் திருப்பிச் செய்யும் நாளைக் கடன்பட்டவர் தேர்ந்தெடுக்க இயலாது. ஒரே மாதத்தில் பல அழைப்புகள் வந்தால், நகையை அடகு வைத்தோ, வட்டிக்கு வாங்கியோ மொய் செய்ய நேரிடும். அப்போது வட்டியில்லாக் கடன் என்ற தன்மையே மறைந்துவிடுகிறது. திருப்பிச் செய்யத் தவறியவர் ஊரில் மதிப்பை இழக்கிறார். நோட்டில் உள்ள பதிவைக் காட்டி நேரில் கேட்பதும், அதனால் உறவினரிடையே பகை மூள்வதும் உண்டு. விருந்து நடத்தும் வாய்ப்பில்லாதவர்கள் தாம் கொடுத்ததைத் திரும்பப் பெற வழியின்றி இருப்பர். ஊரறியக் கணக்கு வைக்கும் முறை கொடுத்தவருக்குக் காப்பாக அமைவதைப் போலவே, வறியவருக்குச் சுமையாகவும் அமைகிறது.

அண்மைக்கால மாற்றங்கள்

2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கசா புயல் இப்பகுதியின் தென்னந்தோப்புகளைப் பெருமளவில் அழித்தது. பலரது வருவாய் நின்றதால் அதன்பின் மொய்த்தொகை குறைந்தது. 2020 இல் கொரோனாப் பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளால் விருந்துகள் தடைபட்டன.

நோட்டுக்குப் பதிலாகக் கணினியில் பதிந்து, உடனுக்குடன் அச்சிட்ட பற்றுச்சீட்டுத் தரும் முறையும் பரவியுள்ளது. திருமண மொய்யிலும் புதிய முறைகள் வந்துள்ளன. 2021 சனவரியில் மதுரையில் நடந்த ஒரு திருமணத்தின் அழைப்பிதழில், கைப்பேசி வழியாக மொய் செலுத்துவதற்கான கியூஆர் குறியீடு அச்சிடப்பட்டது. மறுபுறம், மொய் தவிர்க்கவும் என்று அழைப்பிதழில் குறிப்பிடுவோரும் உள்ளனர்.

ஒத்த வழக்கங்கள்

கேரளத்தின் வட மலபார்ப் பகுதியில் பணப்பயற்று என்னும் இதையொத்த வழக்கம் உள்ளது. அங்கு விருந்துக்குப் பதிலாகத் தேநீரும் சிற்றுண்டியும் வழங்கப்படுகின்றன. பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோசு 1925 இல் வெளியிட்ட கட்டுரையில், பல சமூகங்களில் கொடுத்தல், பெறுதல், திருப்பித் தருதல் ஆகிய மூன்றும் கடமைகளாக விளங்குவதை விளக்கினார். அவற்றுள் மூன்றாவது கடமையை வெளிப்படையாக எழுதிவைப்பது மொய்யின் தனித்தன்மை எனலாம்.